தொங்கவிட முடியாதது

ஹெலே மேசைமேல் எடுத்து வைத்தது
என் மகளின் வாய்.
மாவுக்கல்லில் வார்த்த மேல்தாடை, கீழ்த்தாடை.
இரண்டையும் பொருத்திக் காட்டினாள்.
கடைவாய்ப் பற்கள் கூடின.
முன்பற்கள் கூடவில்லை.
நடுவில் ஒரு சந்து, எலி வளையின் வாசல்போல.
விக்காவின் கட்டைவிரலை நுழைத்துப் பார்க்கத் தேவையில்லை,
அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.
அந்தச் சந்து வழியேதான்
அவளுடைய ‘ச’ எல்லாம் ‘த’ ஆகி வெளியேறுகிறது.

“நாலு வயதுதானே” என்றேன்.
“அதனால்தான் இப்போது சொல்கிறேன்” என்றாள்.
“நிலைப்பல் முளைக்கும் முன் விட்டுவிட்டால்
பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.”

கடுகு விழுது தடவியதைச் சொன்னேன்.
நக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டதையும்.
ஹெலே சிரிக்கவில்லை. ஒரு தாளை நீட்டினாள்.
“இரண்டு வாரம். எப்போது வைக்கிறாள் என்று எழுதுங்கள்.
திட்டாதீர்கள். விரலைப் பிடித்து இழுக்காதீர்கள்.
எழுதுங்கள், போதும்.”

படகில் வேலை எனக்கு.
எஸ்பியர் துறைமுகத்திலிருந்து ஃபானோ தீவு, பன்னிரண்டு நிமிடம்.
திரும்பி வரப் பன்னிரண்டு நிமிடம்.
காற்று, அலை, எத்தனை கார் என்று
எழுதிப் பழகிய கைதான்.

திங்கள். காலை. காலுறை போடும்போது. மழை.
செவ்வாய். பாலர் பள்ளி வாசல். நான் கடிகாரம் பார்த்தபோது.
செவ்வாய் இரவு. டிவி. கரடிக்குட்டி வழி தவறும் இடம்.
புதன். இல்லை. நாள் முழுக்கப் பள்ளியில் மாவு பிசைந்தாளாம்.
வியாழன். போனில் டில்டெ. நான் சமையலறைக் கதவைச் சாத்தியபோது.
வெள்ளி. கதவு.
சனி. கதவு.

ஒன்பதாம் நாள் உட்கார்ந்து படித்தேன்.
அந்தத் தாளில் விரல் கொஞ்சம்தான் இருந்தது,
நான்தான் நிறைய இருந்தேன்.

ஞாயிறு, பூங்காவில், சூப்பான் மரம்.
கிளைக்குக் கிளை நாடாக்கள்,
நாடாவுக்கு நாடா ரப்பர் காம்புகள்,
வெயிலில் வெளுத்தவை, பாசி பிடித்தவை, நேற்று வந்தவை.
விக்காவின் வகுப்புப் பையன் தோர்வால்
அம்மாவின் தோளேறித் தன்னுடையதைக் கட்டினான்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
இறங்கியதும் அதைத் திருப்பித் தரச்சொல்லி அழுதான்.

விக்கா தன் கையைப் பார்த்தாள்.
பிறகு முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.
“அப்பா, என்னுடையதை வெட்டிடுவாங்களா?”

மண்டியிட்டேன். சொல்ல வாய் திறந்தேன்.
மேலுதட்டுக்கு அடியில் வைத்திருந்த
நிக்கோட்டின் பொட்டலம் நாக்கில் இடறியது.
அவ்வளவு பக்கத்தில் அவள் முகம்.
“உன் வாயில என்ன?”
“பெரியவங்களோடது.”
“அதுவும் தூப்பானா?”

பதினேழு வருடம். ஒருவர்கூட அந்தப் பெயரில் கேட்டதில்லை.

வட்டமான நீல டப்பா.
அவள் தலை ரிப்பனால் அதைத் தாழ்ந்த கிளையில் கட்டினேன்.
தோர்வாலின் அம்மா வேறு பக்கம் பார்த்தாள்.
கைதட்டியது ஒரே ஒருத்தி,
அதுவும் ஈரக் கட்டைவிரலோடு.

மூன்றாம் நாள் துறைமுகக் கடையில் இன்னொரு டப்பா வாங்கினேன்.
மறைக்கலாம்.
தாளை எடுத்து அவள் வரிசைக்குக் கீழே எழுதினேன்:
புதன். அப்பா. கடைசிப் படகு. குளிர்.
அவளுக்குப் படிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டினேன்.
ஹெலேயைப் போலவே சிரிக்காமல் கேட்டாள்.
வெகுநேரம் யோசித்தாள்.
“மாவு பிதை” என்றாள்.

இரவு எட்டரைக்கு இருவரும் பிசைந்தோம்.
தண்ணீர் கூடிப்போய், மாவு கூடிப்போய்,
மறுபடி தண்ணீர்.
அவள் பத்து விரலும் உள்ளே. என் பத்தும்.
அப்போது போன் அடித்தது.
கதவைச் சாத்த
ஒரு கைகூடக் காலியில்லை.
முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினேன்.
டில்டெயின் குரல் சமையலறை முழுக்க,
முதலில் அட்டைப்பெட்டிகளைப் பற்றி,
பிறகு நிறுத்தி:
“என்ன சத்தம் அது? என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?”

விக்கா போனை நோக்கிக் குனிந்தாள்.
“பிதையிறோம்.”