விழுத்திப் பழகுதல்

வெள்ளவத்தை. வியாழன், ஆறரை மணி.
பகலில் டியூஷன் நடக்கிற ஹோல்.
வாங்குகளைச் சுவரோடு அடுக்கினால்
பதினாறு பாய் விரிக்கலாம்.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட
இருபடிச் சமன்பாடு.
கோச்சி போகும்போது யன்னல்கள்
ஒருமுறை நடுங்கி நிற்கும்.

என் சோடி உதேனி.
களுபோவில ஆஸ்பத்திரியில் தாதி,
என்னைவிடப் பன்னிரண்டு கிலோ கூட.
மணிக்கட்டைப் பிடி என்றதும்
அவள் விரல்கள் நேரே என் நாடிக்குப் போகும்.
தொழில் பழக்கம்.
அது பிடி இல்லை, சுகம் விசாரிப்பு.

அதை உதறி என்ன, உதறாமல் என்ன.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
வாசல் திறந்தே கிடக்கிறது.
கை தானாய் வெளியே வந்துவிடுகிறது
ஏதோ எனக்குத்தான் பெலன் என்பதுபோல்.

மூன்று கிழமை பொறுத்தேன்.
நாலாம் கிழமை என் அரைச் சிங்களத்தில் சொன்னேன்:
உதேனி, நீ என்னை ஏமாற்றுகிறாய்.
ஒழுங்காய்ப் பிடி.
வெறுப்பு வேண்டாம், எடை போதும்.

அவள் யோசித்தாள். கொண்டையை இறுக்கினாள்.
பிடித்தாள்.

எனக்கு ஒன்றும் தெரியாதென்று
அப்போதுதான் தெரிந்தது.

பிறகு,
இழுத்தால் உள்ளே போ. தள்ளினால் திரும்பு.
உன் இடுப்பு அவள் இடுப்புக்குக் கீழே,
புறக்கோட்டையில் மாவு மூட்டை ஏற்றுகிறவன் குனிகிற குனிவு.
காலை வாரும்போது காலைப் பார்க்காதே.
பின்னாலிருந்து கழுத்தை வளைத்தால்
நாடியைக் கீழே இறக்கு
(இது மற்ற நாடி, முகத்தில் இருப்பது).
மரக்கத்தி வந்தால்
பையைக் கொடுத்துவிட்டு ஓடு.
அதையும் பழகினோம்,
ஹோலைச் சுற்றி வெறுங்காலோடு,
முப்பத்தெட்டு வயதில், சிரித்துச் சிரித்து.
இச்சி, நி, சான் என்று எண்ணுவோம்.
விழும்போது மட்டும் அவரவர் பாஷை.

கொள்ளுப்பிட்டிக் கந்தோரில்
மணிக்கட்டுக்கு மேலே நாலு நீலம், உட்பக்கம் ஒன்று.
பக்கத்து மேசை ஜெனோவா அக்கா
தேத்தண்ணியை வைத்தபடி கேட்டா,
வீட்டில எல்லாம் சரியோ?
கராத்தே என்றேன்.
அடுத்த நாள் என் மேசையில்
ஒரு தைலப் போத்தல். அவ ஒன்றும் கதைக்கவில்லை.

பிறகுதான் அந்த பஸ். நூறாம் நம்பர். மழை.
பம்பலப்பிட்டிக்கு முன்னால்
பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை.

தோளில் கை விழுந்தால்
அடையாள அட்டையைத் தேடிய காலமொன்று
என் தோளுக்குத் தெரியும்.
இந்த முறை அது வேறு எதையோ தேடியது.
தாழ்ந்தது. இடுப்பு திரும்பியது.
என் கை போய் அந்தக் கையைக் கண்டுபிடித்தது.

பஸ் முழுக்கக் காசு உருண்டது.

கொண்டக்டர். இருபது வயதிருக்குமா?
மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
மிச்சக் காசு தர வந்தவன்
கம்பியில் தொங்கியபடி, அனே அக்கே, என்றான்.
அவன் நாடி என் விரலுக்கடியில் அடித்தது.
எண்ணிக்கூடப் பார்த்திருக்கலாம்.

சீட்டுகளுக்கு அடியில் இருவரும் குனிந்து
பத்து, ஐந்து, இரண்டு என்று பொறுக்கினோம்.
ஓர் ஐந்து ரூபாய் குறைந்தது.
வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.
தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து
கையை முழுதாய் நீட்டி
தூரத்தில் நின்று தந்தான்.

சொன்னதும் உதேனி பாயில் உருண்டு சிரித்தாள்.
பிறகு எழும்பி, எந்தத் தோள் என்றாள்.
காட்டினேன்.
திரும்பி நில். எப்போது என்று சொல்லமாட்டேன்.

கரும்பலகையைப் பார்த்தபடி நிற்கிறேன்.
சமன்பாட்டை யாரோ முடித்திருக்கிறார்கள், பிழையாக.
கோச்சி வருகிறது. யன்னல்கள்.
அவள் எடை என் முதுகில் ஏறுகிறது,
ஒரு கணம்
அவள் கால் இரண்டும் தரையில் இல்லை.

விழுத்துகிறவள் ஒரு சட்டைக்கையைக்
கடைசிவரை விடக்கூடாது,
விழுகிறவள் தலை அடிபடாமல் இருக்க.
விடவில்லை.

பாயில் கிடந்தபடி கேட்கிறாள்,
நோகுதா என்று,
என்னிடம்.