அரி-அரி

"அரி-அரியிலா வலி?"
ஜெலுத்தோங் கிளினிக்கில் தாதி நோர்லைலா
தன் தொப்புளுக்குக் கீழே கைவைத்துக் காட்டினாள்.
மலாயில் அடிவயிற்றுக்கு அதுதான் பெயர்.
என் காதில் தமிழாகவே விழுந்தது.
அரி, அரி:
நிலைப்படியைக் கறையான் செய்வது.

ஆமாம் என்றேன்.
மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறது.

ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
ஏழு என்றேன்.
மீன்கடையில் பேரம் படியாதவள்போல்
நானே குறைத்தேன்: ஆறு.

தினமும் நோட்டில் எழுதச் சொன்னாள்.

திங்கள் ஐந்து. இரவு ஷிப்ட்.
பாயான் லெப்பாஸில் கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பு.
கழற்றி மாட்டவே பத்து நிமிடம் போகும் என்று
தண்ணீர் குடிப்பதை விட்டிருந்தேன்.
எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.
செவ்வாய் நான்கு. ஹண்ட்ரட் பிளஸ் போத்தலில் சுடுதண்ணீர்,
துண்டு சுற்றி, வயிற்றின்மேல்.
புதன் ஆறு. உட்கார நாற்காலி கேட்டுக் கொடுத்த கடிதத்தை
சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்க வாசித்தான்.
நாற்காலி வந்தது.
வியாழன் எட்டு.
எட்டை அடித்தேன். மறுபடி எழுதினேன்.
வியாழன் அவருக்குச் சம்பள நாள்.
அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

பிசியோ மிஸ் ஊய் பாய் விரித்தாள்.
கால்களை நாற்காலிமேல் போடு, மூச்சைக் கீழே அனுப்பு,
அடிவரைக்கும், இன்னும் கீழே.
"ஏன் இறுக்குகிறாய்? விடு."
பன்னிரண்டு வயதில் இறுக்கியது மிஸ்.
காலைச் சேர்த்து உட்கார், வயிற்றை உள்ளே இழு,
வெளியே சொல்லாதே.
எந்த முடிச்சை முதலில் விடுவது
என்று தெரியாமல்
அங்கேயே கொஞ்சம் அழுதேன்.
அவள் மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தாள்.

மருந்து இரண்டு பொட்டலம்.
எனக்குப் பதினான்கு நாள். குணாளனுக்கு ஏழு.
இருவரும் முடிக்கும்வரை தொடக்கூடாது என்று
டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.
அவர் கீழே மோட்டாரில் உட்கார்ந்திருந்தார்.

நான் முடிப்பது இது மூன்றாவது முறை.
அவருடைய பொட்டலங்கள்
ஃபிரிட்ஜ் மேலே, பல்லி எச்சத்தோடு,
பிரிக்காமல்.

"எனக்கு என்னா சீக்கு?" என்றார்.
சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னேன்:
உங்களுக்கு ஒன்றுமே தெரியாது,
அதுதான் இந்தச் சீக்கின் சாமர்த்தியம்.
உங்களிடம் படுத்துக்கொண்டு
என்னிடம் எழுந்திருக்கும்.

கரண்டி சட்டியில் மோதியது.
மூன்று வருடத்தில் இந்த வீட்டில்
நான் போட்ட பெரிய சத்தம்.

இன்று மறுபடி வியாழன்.
பிள்ளையின் அறையில் பாய் விரித்து
நாற்காலிமேல் கால் போட்டிருக்கிறேன்.
மூச்சு இடுப்பெலும்புவரை போகிறது,
அதற்கும் கீழே பாதிதான்.
நோட்டில்: மூன்று. தாழ்ப்பாள் போட்டாயிற்று.

ஹாலில் ஏதோ பொட்டலம் நொறுங்கிப் பிரிகிறது.
மாத்திரையோ,
பீருக்கு வாங்கிய கச்சாங் பூத்தேயோ.

எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.
மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.