கன அடி

வளவுத் தூண் பதினாறு.
ஒவ்வொன்றின் இடுப்பிலும் சாக்பீஸால்
எண் போட்டவன் நான்.
சுற்றளவு, உயரம், ஓட்டை ஒடிசல் கழித்து
கன அடிக்கு இன்ன விலை.
கானாடுகாத்தானில் இதோடு மூன்று வீடு
என் நோட்டுக்குள் போய்விட்டது.

ஏழாம் தூணுக்கு மேலே
டேப்போடு ஏறியபோது
சோறு வடித்த வாசனை.
இருபத்திரண்டு வருடம் உலை வைக்காத வீட்டில்
சீரகச் சம்பாவை இப்போதுதான்
கஞ்சி வடித்த மாதிரி.
டார்ச் அடித்தேன்.
இரண்டு கண் எரிந்தது.
அதன் வயிற்றடியில்
கண் திறக்காத மூன்று.

மரநாய் என்றேன்.
"சாக்கைப் போட்டு அமுக்கு" என்றார் சாத்தப்பன்.
லாரிக்கு நாள் வாடகை ஓடுகிறது.

ஃபாரஸ்டுக்குப் போன் போட்டது யாரென்று
இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

திருப்பத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்த
கார்டு அமலோற்பவம்
ஏணியில் நின்று மோந்து பார்த்துச் சிரித்தாள்.
"ஓட்டப் பிரிக்கக் கூடாது."
எத்தனை நாளைக்கு?
"அதுக்கிட்டதான் கேக்கணும்."

பதினோரு பங்காளியும்
கோர்ட்டில் மல்லுக்கட்டிக் கையெழுத்துப் போட்ட வீடு.
பன்னிரண்டாவது பங்காளி
பகலெல்லாம் தூங்கினாள்.

இறக்கி வைத்த உத்தரம் ஒன்றின் நுனியில்
கை நுழைகிற துளை.
ஆசாரி ரபீக் விரலை விட்டுப் பார்த்தார்.
"சங்கிலி மாட்டுனது.
பர்மா மலையில
யானை இழுத்துட்டு வந்துருக்கு."
நோட்டைப் புரட்டினேன்.
ஓட்டை, கழிவு கால் கன அடி
என்று என் கையெழுத்து.
மரத்தை விட்டுப் போகும்போது
இந்த மாதிரி எத்தனை கண்
மேலிருந்து எரிந்திருக்கும்
என்பதற்கு என்னிடம் கணக்கில்லை.

ராத்திரிக் காவல் எனக்கு.
ஆத்தங்குடித் தளத்தின் பூவில்
அவள் போட்ட எச்சம்,
அதில் ஈச்சங்கொட்டை.
காலையில் கூட்ட வந்த காளியம்மாளை
அந்த இடத்தை மட்டும் விடச் சொன்னேன்.
ஏன் என்றாள். சும்மா என்றேன்.

பதினோராம் ராத்திரி
பிடரியைக் கவ்வி ஒன்று.
போய் வந்து ஒன்று.
மூன்றாவதற்கு வெகுநேரம் வரவில்லை.
குட்டி கத்திக்கொண்டே இருந்தது.
விடியப்போகையில் வந்தாள்.

ஓட்டோடு ஓடாக
பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டுக்கு.

காலையில் லாரி உறுமியது.
சாத்தப்பன் டீ வாங்கிக் கொடுத்தார்,
அவருக்கு நல்ல மனசுதான்.

பக்கத்து வீட்டுக்கு
மாசியில் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.
தூண் இருபத்து நான்கு.
சாக்பீஸ் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.