நிறம் மட்டும்

விரகனூர் ரிங்ரோட்டில்
லாரிக்குக் கீழிருந்து இழுத்தோம் அவனை.
பெயர் தெரியாது. பால் கேன் இரண்டு,
ஒன்று இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போனபோது
மணி ஐந்தே முக்கால்.
ஆற்றுப் பக்கம் வானம் வெளுத்துவிட்டது.
சுபுஹுக்குப் பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து.

குழாயில் கைவைக்கும்போதுதான்
சட்டையைப் பார்த்தேன்.
ஒரு திர்ஹம் அளவுக்குமேல் பட்டால் தொழுகை கூடாது.
உள்ளங்கைக் குழியில் தண்ணீர் நிற்கும் வட்டம்,
அவ்வளவுதான் சலுகை.
இங்கே குழியில்லை, கண்மாய்.
தூக்கியபோது அவன் சாய்ந்த விலாப்பக்கம் முழுக்க.

ரத்தம் நஜீஸ்.
சற்று முன்புவரை
அதை அவனுக்குள்ளேயே நிறுத்தத்தான்
வண்டிக்குள் இருளாண்டி
இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு வந்தான்.

கழற்றினேன்.
பேன்ட் கறுப்பு. கறுப்பு எதையும் காட்டிக்கொடுக்காது.
செல்போன் வெளிச்சத்தில் தடவி, முகர்ந்தும் பார்த்தேன்.
டீசல்.
டீசல் அழுக்குதான், அசுத்தமில்லை.
இந்த வித்தியாசத்தை ஜீனத் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள்,
துவைப்பவள்.

ஷூவை வேப்பமரத்தடி மண்ணில் தேய்த்தேன்,
வலது, இடது, மறுபடி வலது.
காலணிக்கு மண்ணே போதும் என்பார்கள்.
நபியவர்கள் தொழுகை நடுவே செருப்பைக் கழற்றியதும்
பின்னால் நின்றவர்கள்
ஏனென்று தெரியாமலே கழற்றியதும் நினைவுக்கு வந்தது.
அங்கே சொல்ல ஜிப்ரீல் வந்தார்.
எனக்கு யார் வரப்போகிறார்கள்?
கழற்றி வைத்துவிட்டேன்.

'வெறும் உடம்போடயா பாய்? இந்தாங்க.'
கழுத்துத் துண்டை நீட்டினான் இருளாண்டி.
'சுத்தமானது. நேத்து அழகர்மலையில
நூபுரகங்கையில முக்கிப் பிழிஞ்சேன்.'
சுனைத் தண்ணீர் சுத்தமான தண்ணீர்.
கிதாபில் அதற்குமேல் கேள்வி இல்லை.
போர்த்திக்கொண்டேன்.

ஸஜ்தாவில்
பால் வாசம் அடித்தது.
முழங்காலில் சிந்தியிருக்க வேண்டும்.
பால் சுத்தம்.
எழ மனமில்லாமல் கிடந்தேன் கொஞ்சநேரம்.

சட்டையை மூன்று தரம் அலசி
மூன்று தரம் பிழிந்தாள் ஜீனத்.
துருப்போல ஒரு விளிம்பு நின்றுவிட்டது.
எலுமிச்சை தேய்த்தாள், அதற்கும் போகவில்லை.
கழுவியும் போகாத நிறம் மன்னிக்கப்பட்டது,
அது சட்டம்.

வெள்ளிக்கிழமை கோரிப்பாளையத்தில்
அதைப் போட்டுக்கொண்டுதான் நின்றேன்.
பக்கத்து ஆள் என் விலாவைப் பார்த்துவிட்டு
ஒரு சாண் தள்ளினார்.
ஸஃப்பை நெருக்கச் சொல்லி
முன்னாலிருந்து குரல் வந்தது.
தோள் திரும்ப வந்து ஒட்டியது.

ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம்.
எந்த வார்டு என்று
இன்னும் நான் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவார்கள்.