வெற்று எடை

ஊத்தான் மெலிந்தாங் கடைவீதியில்
கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்.
ஒன்று முந்நூற்று எண்பத்தொன்பது வெள்ளி,
மற்றது ஆயிரத்து நூற்றைம்பது.
மலிவுப் பெட்டியின் நெற்றியில்
ஒன்பதாயிரம் லூமன், தங்க எழுத்தில்.
விலை கூடியதின் முதுகில்
நானூற்றைம்பது என்று பொடி எழுத்து,
கொஞ்சம் கூச்சத்தோடு.

நான் செம்பனை ஆலையில் எடைப்பாலத்துக்காரி,
பதினான்கு வருடமாக.
குலைகளுக்கடியில் கல்லை அடுக்கி வந்த லாரியையும்
தண்ணீர்த் தொட்டி தளும்ப நுழைந்து
காலித் தொட்டியோடு வெளியேறிய லாரியையும்
ஓட்டுநர் குனிகிற விதத்திலேயே கண்டுபிடிப்பேன்.
பெரிய எண் எதைப் பார்த்தாலும்
அடியில் என்ன இருக்கிறது என்றுதான் கை துழாவும்.

"ஹைக்கால், விளக்கை அணைத்துவிட்டுக் காட்டு."
"தவுக்கே ஏசுவார், கக்.
ஒன்பதரைக்கு வாங்க, கடை சாத்தும்போது."

போனேன்.
ஷட்டரை உள்ளிருந்து இழுத்துவிட்டான்.
அவன், நான், பதினேழு அரிசிக்குக்கர்கள்.
ஷட்டர்தான் திரை.
வரி வரியான தகரத்தில் ஒரு கடல் விரிந்தது.
எது தண்ணீரின் அலை, எது தகரத்தின் அலை
என்று பிரிக்க முடியவில்லை.
விலை கூடியது நீலத்தை நீலமாகவே காட்டியது.
மலிவானது ஓரங்களில் கலங்கி,
வயிறு சூடாகி,
கொதிக்கப்போகும் கெண்டியைப் போல முனகியது.
ஒன்பதாயிரத்தில் கல்லும் தண்ணீரும் போக
இருநூறு தேறும்.

வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தேன்.
தாமான் வீடு; கூடம் பதினோரு அடி.
ஆறடிப் படத்துக்கு
எட்டரை அடி தள்ளி நிற்கவேண்டுமாம்.
சரியாக எட்டரையில்
மடக்காமல் விட்ட இஸ்திரி மேசை.
ஏற்றலாம், இறக்கலாம்.
இதைவிட நல்ல ஸ்டாண்டை எவன் விற்கிறான்?
சுவர் மட்டும் பச்சை.
முன்பு இருந்தவர்களின் ரசனை.
அதில் எந்த நாயகி வந்தாலும்
லாரிப் பயணத்தில் குமட்டியவள் மாதிரிதான் இருப்பாள்.
வெள்ளைச் சாயம் ஒரு டின், நாற்பத்தாறு வெள்ளி.
கணக்கில் சேர்.

அடுத்தது ஆலையின் கோபுர விளக்கு.
நான்கு தலை அதற்கு.
ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் வழியே நுழைந்து
ராத்திரி முழுக்கச் சுவரில் கோடு போடும்.
தடித்த திரைச்சீலைக்கு நூற்றிருபது.
அதையும் சேர்த்தால் மலிவு மலிவாக இல்லை.
அதற்குப் பேசாமல் பெரிய பெட்டியையே,
தவணையில்...

பேனா அங்கே நின்றது.

குணாளனுக்கு ஸ்டெரிலைசரில் இரவு வேலை.
எனக்குப் பகல்.
நான் செருப்பைக் கழற்றும்போது
அவர் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார்.
"மீன் குழம்பு அடுப்பில்."
"ம்."
மோட்டார்சைக்கிள் சாவி கைமாறும்,
சில நாள் என் சூடு அதில் இன்னும் இருக்கும்.
ஞாயிறு மட்டும் ஆலை இல்லை.
பாய்லர் குளிர்ந்து கிடக்கும்.
கோபுரத்தின் நான்கு தலையும் அணைந்திருக்கும்.

ஆக, இரண்டு பெட்டிக்கும் நடுவில்
எழுநூற்று அறுபத்தொரு வெள்ளி.
ஆறு ராத்திரி வெளிச்சத்தோடு
மல்லுக்கட்டுவதற்கான கூலி அது.
அந்த ஆறு ராத்திரியும்
சேர்ந்து உட்கார எங்களில் ஒரு ஆள் குறைவு.

லாரி நிறைந்து வரும், எழுதுவேன்.
காலியாகப் போகும், எழுதுவேன்.
கழித்தால் வருவதற்குத்தான் காசு.
வாரத்தை அப்படிக் கழித்துப் பார்த்தேன்.
ஞாயிறு வந்தது.
அது ஏற்கெனவே இருட்டு.
திரைச்சீலையை அடித்தேன்.
சாயத்தை வைத்துக்கொண்டேன்.

ஹைக்கால் பெட்டியைக் கட்டிக்கொண்டே
"ஒன்பதாயிரம், கக்!" என்று சிரித்தான்.
"ரசீதில் அதை எழுதித் தருவியா?" என்றேன்.
இன்னும் சிரித்தான்.

முதல் ஞாயிறு.
சாய வாசனை இன்னும் போகவில்லை.
குணாளன் கூலரைத் தட்டுவதுபோல் பெட்டியைத் தட்டி
"விமானம் ஏறப்போகுதா?" என்றார்.
சத்தத்தைக் கூட்டினோம்.
நாட்காட்டி மாட்டியிருந்த ஆணி ஒன்று
சுவரின் நடுவிலேயே நின்றுவிட்டது.
யார் வந்து நின்றாலும் நெஞ்சில் ஆணி.
குறடு எடுக்கப் போனார்.
"இருக்கட்டும்," என்றேன்,
"அதை வைத்துத்தான் ஃபோக்கஸ் பிடித்தேன்."

இஸ்திரி மேசையை
ஒரு அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினேன்.
இப்போது அது
வில்லனின் சட்டைப் பொத்தான்.