குண்டூசி தூரம்

மாங்குளம் சந்தி. போன் திருத்துகிற கடை.
கெமில்டன் என் கிற்றாரை மல்லாத்திக் கிடத்தி
தந்திகளைத் தளர்த்தி ஒதுக்கினான்.
பிக்கப்பின் ஆறு காந்தமுளைகளை நோக்கி
ஒரு குண்டூசியை
மெல்ல மெல்ல நகர்த்தினான்.
முதலாவது, ஒரு விரற்கடைக்கு முன்னமே இழுத்தது.
மூன்றாவது
ஊசி முட்டுமட்டும் சும்மா இருந்தது.

"காந்தம் களைச்சுப் போச்சுது அக்கா.
ஆரோ இதைப் பெரிய ஸ்பீக்கரோட சாத்தி வச்சிருக்கினம்,
வருசக் கணக்கா."

எனக்கும் செம்புச் சுருள் தெரியும்.
விடிய ஆறரைக்கு, ஒட்டுசுட்டான் காட்டோரம்,
சிவப்புத் தலைக் கட்டைகளுக்குள்
முழந்தாளில் இருந்து
மண்ணின் மேலே ஒரு சுருளை ஆட்டுவதுதான் உத்தியோகம்.
ஆணிக்கும் கத்தும். மீன்டின் மூடிக்கும் கத்தும்.
கத்தினால் நிற்பேன்.
அந்தச் சுருள் களைக்கக் கூடாது;
நாளும் சோதித்துத்தான் கையில் தருவார்கள்.

இந்தச் சுருளுக்கு அப்படி ஒருவரும் இல்லை.
ஞாயிறு ஆராதனையில் கீபோர்ட்டுக்கு அடியில்
இது அமிழ்ந்துபோவதாகப் பாஸ்டர் மட்டும் சொன்னார்.

செத்த கணினியின் வயிற்றிலிருந்து எடுத்த
இரண்டு வெள்ளிக் காந்தங்களைக் காட்டினான்.
நடுவில் ஒருக்கால் இழுத்தால்
பழைய பலம் ஏறுமாம்.

பொறு, முதலில் கேட்போம் என்றேன்.

அம்பில் கொழுவித் தட்டினேன்.
முன்பு பல்லில் கூசுகிற அந்த நுனி இல்லை.
சத்தம் சின்னன், கொஞ்சம் மங்கல்,
மழைக்குள் அடுத்த வளவில் ஆரோ கதைக்கிற மாதிரி.
ஆனால் தட்டின சுரம்
போகாமல் நின்றது.
கீழேயிருந்து பிடித்து இழுக்க ஆளில்லாததால்
தந்தி தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.
கெமில்டன் போனில் நேரம் பார்த்தான்,
நான் பார்க்கவில்லை.

"பாலத்தடிப் பிக்கப்பை ஏற்று.
கழுத்தடியில் இருக்கிறதைத் தொடாதே."
"அப்ப அரைக்காசோ?"
"அரைக்காசுதான்."

வடக்கெது தெற்கெது என்று
பேனையால் குறித்துக்கொண்டான்.
மாறி ஏற்றினால், இரண்டையும் ஒன்றாய்ப் போடும்போது
ஒன்றையொன்று தின்றுவிடுமாம்.
ம், என்றேன்.

வெள்ளிக் காந்தம் ஒருமுறை போய் வந்தது.
மேசையில் மறந்து கிடந்த குண்டூசி
தானாக எழும்பிப் பாய்ந்து
டிக் என்று ஒட்டிக்கொண்டது.

என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.
மூச்சும்.

"ஊசிதான் அக்கா."

ஊசிதான். தெரியும்.
இன்னும் கொஞ்சநேரம் அப்படியே நின்றேன்.