சிவப்பை மட்டும்

போஜராஜன் சொன்னது ஒரே வரி:
“மத்ததெல்லாம் அமுங்கணும், மரம் தெரியணும்.”
தேயிலைத் தொழிற்சாலைக் காலண்டர்,
மார்ச் மாதத் தாள்.

கட்டபெட்டு தாண்டி மூன்றாவது வளைவில்
சகாயம் எடுத்த காட்டுப் பூவரசு.
கிளை கொள்ளாமல் பூத்திருந்தது என்று
சத்தியம் செய்கிறான்.
படத்தில் இருப்பது
மூடுபனிக்குள் யாரோ வெற்றிலை துப்பிய மாதிரி
ஒரு கறை.

கோத்தகிரியில் நான்கு மணிக்கே விளக்கு வேண்டும்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.
முதலில் கரண்ட் கம்பி. ஒரே இழுப்பில் போனது.
அதில் உட்கார்ந்திருந்த குருவி
கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
அதையும் எடுத்தேன்.
பிறகு மைல்கல், சிப்ஸ் பாக்கெட்.
தேயிலையின் பச்சையைச் சாம்பல்வரை இறக்கினேன்.
சரிவு முழுக்க மறுபேச்சில்லை.

இனி சிவப்பு.
சிவப்பைத் தேர்ந்தெடு என்றால்
இந்த மென்பொருளுக்கு மரம் தெரியாது,
சிவப்புதான் தெரியும்.
நிழற்குடை ஓரம் நிற்கும் பெண்ணின் ஸ்வெட்டர்,
கேரட் மூட்டை கட்டிய கயிறு,
லாரியின் வால்விளக்கு,
தார்ச்சாலையில் உதிர்ந்து கிடந்த
பதினேழு பூக்கள்.
எல்லாவற்றையும் சுற்றி ஓடியது
புள்ளிக்கோட்டு எறும்பு வரிசை.

ஸ்வெட்டரை விலக்கினேன். கயிற்றை, விளக்கை விலக்கினேன்.
உதிர்ந்ததை விடலாமா என்று யோசித்து
விட்டுவைத்தேன்.
பட்டியைப் பத்துப் பத்தாக நகர்த்தினேன்.
நாற்பதில் பூ, பூவானது.
அறுபதில் எனக்கே கூச்சம்:
கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்களுக்கு
நான் போடும் உதட்டுச்சாயம் அது.
எழுபதில்
அடிமரத்தில், பாசிக்குக் கீழே,
ஏதோ எழுந்து வந்தது.

பெரிதாக்கினேன்.
பட்டை சீவிய இடம், உள்ளங்கை அகலம்.
அதில் பழைய பெயிண்ட்.
இருநூற்றுப் பதினாறு.

சாலையை அகலமாக்கப் போகிறார்கள் என்று
டீக்கடையில் காதில் விழுந்ததுண்டு.
எண்ணிக்கொண்டு வருகிறார்கள் என்று
விழவில்லை.

“ரப்பர் பண்ணிடுங்கக்கா, ரெண்டு செகண்ட் வேலை.”
சகாயம் சொன்னது சரிதான்.
பக்கத்துப் பட்டையைக் கொஞ்சம் எடுத்து மேலே ஒற்றினால்
இரண்டு போனது, ஒன்று போனது.
ஆறின் வயிறு மட்டும்
முண்டும் முடிச்சுமாக நின்றது.
பாசி வைத்து மூடினேன்.
நல்ல வேலை. நானே சொல்லக்கூடாது.

மார்ச், இறுதி, மூன்று என்று பெயரிட்டு அனுப்பினேன்.
“சூப்பர். மரம் அப்படியே நிக்குது”
என்று பதில் போட்டார் போஜராஜன்.
கூடவே கைகூப்பும் படம் ஒன்று.

ஷட்டரை முழுக்க இறக்குமுன்
மூலப்படத்தை இன்னொரு முறை திறந்தேன்.
பனி, கம்பி, குருவி, எல்லாம் அதனதன் இடத்தில்.
எண்ணைக் காணோம்.
இருக்கிற இடம் தெரிந்தும் காணோம்.

சிவப்பு ஸ்வெட்டர் பெண்ணைப் பார்த்தேன்.
பஸ் வரும் திசைக்கு முதுகு.
மேலே, பூவையும் பார்க்கவில்லை.
அடிமரத்துக்கு நேராகத்
தலையைச் சாய்த்து நிற்கிறாள்,
சின்ன எழுத்தைப் படிக்கிறவள் மாதிரி.